‘சு’வுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி

பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். கூடவே, “பயமுறுத்தாம எழுதுங்க மேடம்” என்றும் சொன்னார்கள். பெரம்பலூரில் ஒரு பரிசோதனைக்கூடத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் என் தலைமுடி நரைக்கும் வரை உட்கார்ந்திருந்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் எனக்குப் பயம் போகவில்லை. அதை மறைத்துவிட்டு எழுது என்றால் எனக்கு எழுத வராது.

என் வேலை ஊசி போடுவதோ ரத்தம் எடுப்பதோ அல்ல. பெயர்களைப் பொருத்துவது. பதிவேட்டில் ஒரு பெயர் இருக்கும், ரிப்போர்ட்டில் ஒரு பெயர் இருக்கும், இரண்டும் ஒரே ஆள்தானா என்று சொல்ல வேண்டும். கேட்பதற்கு இது ஒரு வேலையா என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

முதலில் நேர்ந்த அசிங்கத்தைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகு சிரிக்க ஒன்றும் இல்லை. பெயருக்கு முன்னால் சிலர் ‘திரு’, ‘திருமதி’ என்று எழுதுவார்கள், சிலர் எழுத மாட்டார்கள். பொருத்திப் பார்க்க இது இடைஞ்சல். பெயர் ‘திரு’ என்று தொடங்கினால் அதை வெட்டிவிடு என்று ஒரு ரெஜெக்ஸ், அதாவது எழுத்துகளைத் தேடிப் பிடிக்கும் ஒரு சூத்திரம், எழுதிப் போட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் திருமதி செல்வி என்பவர் மதி செல்வி ஆகியிருந்தார். திருநாவுக்கரசு என்று ஒரு வாத்தியார், வெறும் நாவுக்கரசு ஆகிவிட்டார். அவர் நேராக என் ஜன்னலுக்கு வந்து, “எங்கப்பா வச்ச பேர்ல பாதிய எங்க வச்சிருக்கீங்கம்மா?” என்று கேட்டார். பிரிவே சிரித்தது, நானும் சிரித்தேன். சிரிப்போடு முடிகிற தப்புகள் ஆபத்தானவை. நம் தப்பெல்லாம் இப்படித்தான் முடியும் என்று அவை நம்மை நம்ப வைத்துவிடுகின்றன.

ரெஜெக்ஸ் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். சதுர அடைப்புக்குறிக்குள் முதலில் ^ என்று போட்டால் ‘இவற்றைத் தவிர மற்றதெல்லாம்’ என்று பொருள். எங்கள் பிரிவில் அதைத் தொப்பி என்போம். [^.,;:\s]+ என்று எழுதினால் முற்றுப்புள்ளி, காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, இடைவெளி எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடுவில் இருக்கும் எழுத்துத் துண்டுகள் மட்டும் கைக்கு வரும். அந்தத் துண்டுகளை ஒன்றாக ஒட்டினால் சுத்தமான பெயர் கிடைக்கும். ப.செல்வி, ப. செல்வி, ப .செல்வி, ப,செல்வி என்று நாலு கைகள் நாலு விதமாக எழுதியிருந்தாலும் நாலும் ‘பசெல்வி’ ஆகிவிடும். நாலும் ஒரே ஆள் என்று கம்ப்யூட்டருக்குப் புரிந்துவிடும்.

இதில் தமிழுக்கென்று ஒரு பள்ளம் உண்டு. ஆங்கிலத்தை மனதில் வைத்து எழுதிய பழைய முறைகள் சில, மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளியையும் குப்பை என்று எடுத்து வீசிவிடும். கண்ணன் ‘கணணன’ ஆகிவிடுவார். அந்தப் பள்ளத்தில் பலர் விழுந்தார்கள், நான் விழவில்லை. மேலே வைக்கும் புள்ளியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, பக்கத்தில் வைக்கும் புள்ளியை மட்டும் நீக்கினேன். அதில் எனக்கு அவ்வளவு பெருமை. கேட்டவர்களிடம் எல்லாம் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

அந்தச் சமயத்தில்தான் குன்னம் பக்கத்து ஊர்களில் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் முகாம்கள் நடந்தன. முகாமில் நர்ஸ் சாம்பிள் எடுத்து ஸ்லைடில் தடவி அனுப்புவார். எங்கள் கூடத்தில் டாக்டரம்மா அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதுவார். யாருடையது எது என்று பொருத்திக் கடிதம் அனுப்புவது நான். முகாம் நம்பர் ஒவ்வொரு நாளும் ஒன்றிலிருந்து தொடங்கும், அதை நம்ப முடியாது. அதனால் சுத்தம் செய்த பெயர், ஊர், வயது மூன்றையும் சேர்த்து ஒரே அடையாளமாக வைத்தேன். ஒரே அடையாளத்துக்கு இரண்டு ரிப்போர்ட் வந்தால் இரண்டில் மோசமானதை வைத்துக்கொள் என்றும் எழுதினேன். ஜாக்கிரதையாக இருக்கிறேன் என்று நினைத்துத்தான் அப்படி எழுதினேன்.

பிரச்சினை இருப்பவர்களுக்கு மட்டும்தான் கடிதம் போகும். முகாமில் மைக் பிடித்துச் சொல்லுவார்கள்: “கடுதாசி வரலன்னா ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். நிம்மதியா இருங்க.”

ஓர் ஊரில் இரண்டு நாள் முகாம் நடந்தது. பட்டியல் முடிந்ததும் பார்த்தேன், ஸ்லைடைவிட ஆள் ஒன்று குறைந்தது. யாரோ ஓர் அம்மா இரண்டு நாளும் வந்து இரண்டு முறை கொடுத்திருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யார் அந்த அம்மா என்று பார்க்கவில்லை. அந்த ஊரிலிருந்து ஒரே ஒரு ஸ்லைடு மோசமாக வந்திருந்தது. சுமதி, வயது முப்பத்தொன்பது. கடிதம் போயிற்று.

இரண்டு மாதம் கழித்து அந்தச் சுமதியே ஒரு டப்பா ஜாங்கிரியோடு எங்கள் கூடத்துக்கு வந்தார். திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு முறை சோதித்து, ஒன்றுமே இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். கவுன்ட்டரில் டப்பாவைத் திறந்து வைத்து, “ரெண்டு மாசமா என்னைப் பாடையில ஏத்தி வச்சிருந்தீங்க. எறங்கிட்டேன். இந்தாங்க, தின்னுங்க” என்றார். திட்டும்போதே கண்ணில் தண்ணீர் ஊற்றியது, சிரிப்பும் வந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். ஆயிரத்தில் ஒன்று இப்படி ஆகும் என்றார் மேனேஜர். நான் இரண்டு ஜாங்கிரி சாப்பிட்டேன்.

டாக்டரம்மா மட்டும் எடுக்கவில்லை. சுமதி போன பிறகு என் மேஜைக்கு வந்தார்.

“நான் பாத்தது பாத்ததுதாம்மா. ஸ்லைடு இன்னும் இருக்கு, இப்பவும் எடுத்துப் பாத்துட்டுத்தான் வரேன். அதுல இருக்கிறது நிஜம். அந்தம்மாவோடது இல்லன்னா வேற யாரோடது?”

நான் பெயரை அடித்துத் தேடினேன். அந்த ஊர், அந்த வயது, ஒரே ஒரு சுமதி.

“ஒரே சுமதிதான் டாக்டர்.”

“பதிவேட்டப் பாத்தீங்களா?”

பதிவேடுகள் அரியலூர்க் கிளையில், ஸ்டோர் ரூமில் இருந்தன. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அன்று மத்தியானத்துக்குள் இன்னொரு முகாமின் பட்டியலை அனுப்ப வேண்டும், மேனேஜர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

“எல்லாம் பாத்துட்டேன் டாக்டர்” என்றேன்.

இந்த வரியை எழுத எனக்கு மூன்று நாள் ஆனது. நான் பார்த்தது கம்ப்யூட்டரை மட்டும்தான். கம்ப்யூட்டரில் இருந்தது நான் சுத்தம் செய்து வைத்த பெயர். எந்த இடத்தில் தப்பு நடந்ததோ அந்த இடத்திடமே போய் ‘தப்பு நடந்ததா’ என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, “அப்ப எனக்குத்தான் கண்ணு சரியில்ல போல” என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் புது மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். நன்றாக இருக்கிறது டாக்டர் என்று நான் வாய் கூசாமல் சொன்னேன்.

ஒன்றரை வருஷம் போயிற்று. அதே ஊரில் மறுபடியும் முகாம். இப்போது முகாமிலேயே லேப்டாப் இருந்தது, பெயரை அடித்தால் பழைய விவரம் வரும். அதுவும் என் கைங்கரியம்தான். காலை பதினொரு மணிக்கு அங்கிருந்த நர்ஸ் போன் செய்தார்.

“மேடம், இங்க ஒரு அம்மா வந்திருக்காங்க. பேரப் போட்டா, ‘திருச்சியில் பார்த்தாச்சு, ஒன்றும் இல்லை, மறுபடி எடுக்க வேண்டாம்’னு வருது. இவங்க என்னடான்னா நான் திருச்சிக்கே போனதில்லங்கறாங்க. வரிசை வாசல் வரைக்கும் நிக்குது. அனுப்பிடவா?”

“பேர் என்னங்க?”

“சுமதி மேடம்.”

போனுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. சண்டை போடும் குரல் அல்ல, பல முறை சொல்லிச் சலித்த குரல். “சுமதி இல்லம்மா. மதி. மதி. சு எங்க வூட்டுக்காரரு.”

நம் ஊரில் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனால் பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்து மாறும். அப்பா எழுத்து போய்ப் புருஷன் எழுத்து வரும். சுந்தரம் மனைவி மதி, சு. மதி. நான் புள்ளியையும் இடைவெளியையும் எடுத்து ஒட்டியதில் அவர் சுமதி ஆகியிருந்தார். அதே ஊரில் அதே வயதில் இன்னொரு பெண் எழுத்தே இல்லாமல் வெறும் சுமதி என்று பதிந்திருந்தார். இருவரும் ஒரே ஆள் ஆனார்கள். இரண்டு ரிப்போர்ட்டில் மோசமானது சுமதிக்குப் போயிற்று. அது மதியுடையது.

“மேடம், லைன்ல இருக்கீங்களா? அனுப்பிடவா?”

“அனுப்பிடாதீங்க. உக்கார வைங்க. அவங்களுக்கு ஏதாச்சும் தொந்தரவு இருக்கான்னு கேளுங்க.”

கேட்டுவிட்டு வந்து நர்ஸ் குரலைத் தாழ்த்திச் சொன்னார். “ஆறு மாசமா நிக்காம படுதாம் மேடம்.” உதிரப்போக்கைத்தான் அப்படிச் சொன்னார்.

மேனேஜரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். “முகாம்லதான் ஸ்லைடு மாறிருக்கும். மொதல்ல அப்படி ஒரு லெட்டர் ரெடி பண்ணுவோம். எல்லாத்தையும் செக் பண்ணி முடிச்சப்பறம் அந்தம்மாகிட்ட பேசலாம். அது வரைக்கும் நீங்க எங்கயும் போகாதீங்க” என்றார். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதுபோல்கூட எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றும்போது எழுந்துவிட வேண்டும், உட்கார்ந்தால் அவ்வளவுதான். நான் எழுந்து டாக்டரம்மாவிடம் போனேன். நான் பதிவேட்டைப் பார்க்கவில்லை, பார்த்தேன் என்று பொய் சொன்னேன், ஸ்லைடு யாருடையது என்று இப்போது தெரிந்துவிட்டது என்று நின்றபடியே சொன்னேன்.

“அப்ப என் கண்ணு சரியாத்தான் இருந்துச்சு” என்றார். அதில் ஒரு துளி சந்தோஷம் இல்லை. திருச்சிக்கு ஒரு கடிதத்தைக் கையாலேயே எழுதி, “இத மெயில்ல அனுப்பாதீங்க. நீங்களே கொண்டு போய்க் கையில குடுங்க” என்றார். என்னைத் திட்டியிருக்கலாம்.

குன்னம் போகும் பஸ்ஸில் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டே போனேன். ‘பெயர்ப் பொருத்தத்தில் ஏற்பட்ட ஒரு சிறு தொழில்நுட்பக் கோளாறு’ என்று தொடங்கியது. நல்ல வாக்கியம், அதில் ஆளே இல்லை.

முகாம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் வடிந்திருந்தது. ஒரு பெஞ்சில் மதி மட்டும் உட்கார்ந்திருந்தார். சின்ன வெங்காயம் ஆய்கிற வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்ததாக நர்ஸ் சொன்னார். ஒல்லியான முகம், உதடு வெளுத்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்ததும் அந்த வாக்கியம் எனக்கு வரவில்லை.

“உங்க ரிப்போர்ட் போன தடவையே வந்துருச்சுங்க. உடனே பாக்கணும்னு வந்துச்சு. நான்தான் அத வேற ஒருத்தருக்கு அனுப்பிட்டேன்.”

அவர் கோபப்படவில்லை. யோசித்தார். “எந்தச் சுமதிக்கு? தெக்குத் தெரு சுமதிக்கா?”

“ஆமாங்க.”

“அவ கடுதாசிய வச்சுக்கிட்டு மூணு நா சோறு திங்காம கெடந்தா. நான்தான் ஆக்கிக் கொண்டு போயி ஊட்டி வுட்டேன். உனக்கு ஒண்ணும் ஆவாதுடி, சாமி இருக்குன்னு சொன்னேன்.” ஊட்டிவிட்ட கையைத் திருப்பிப் பார்த்தார். “அப்ப அது என் கடுதாசிங்களா?”

ஆமாம் என்று தலையாட்டினேன். எப்படி ஆனது என்று கேட்டார். அவருடைய முகாம் சீட்டின் பின்பக்கத்தில் இரண்டு பெயரையும் எழுதிக் காட்டினேன். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். விரலை அந்தப் புள்ளிமேல் வைத்து அழுத்தினார், மை கொஞ்சம் கலைந்தது.

“இவ்ளோதானுங்களா?” என்றார்.

மறுநாளே திருச்சிக்குக் கூட்டிப் போனோம். ஒரு வருஷத்துக்கு மேல் சிகிச்சை நடந்தது. முடிந்தபோதெல்லாம் நான் கூடப் போனேன். ஒன்றரை வருஷம் முன்னால் வந்திருந்தால் என்று அங்கிருந்த டாக்டரிடம் ஒரு முறை கேட்டேன். அவர் பேச்சை மாற்றினார். ஒரு மாசி மாதக் காலையில் மதியின் புருஷன் சுந்தரம் போன் செய்து, “மதி போயிட்டா மேடம்” என்றார்.

இதற்கு நடுவில் அரியலூருக்குப் போய், பதிவேடுகளைத் தரையில் பரப்பி, காகிதத்தைப் பார்த்தே எல்லா முகாமையும் சரிபார்த்தேன். மூன்று நாளில் முடிந்துவிட்டது. அன்றைக்கு அரியலூர் போய்வர என்னிடம் இரண்டு மணி நேரம் இல்லை என்று நினைத்தேனே, அந்த வேலைதான். கோ. மதி ஒருவர் கோமதியோடு கலந்திருந்தார், பா. ரதி ஒருவர் பாரதியோடு கலந்திருந்தார். அவர்களுக்கு நோய் ஏதும் இல்லை. அதற்காக யாருக்கும் நன்றி சொல்லும் நிலையில் நான் இல்லை. மேனேஜர் எழுதிவைத்த கடிதத்தில் முகாம் நர்ஸின் பெயர் இருந்தது. அதைக் கிழித்துவிட்டு என் பெயரைப் போட்டு எழுதிக் கையெழுத்திட்டேன். அந்த ஒரு காரியம்தான் இந்தக் கதையில் நான் நேரத்தோடு செய்தது.

புள்ளியை நீக்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. நீக்கத்தான் வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் நாலு செல்வியும் நாலு பேராகவே நிற்பார்கள். ஆனால் நீக்கிய இடத்தை ஒட்டிவிடாதீர்கள். அங்கே ஒன்று இருந்தது என்பதற்கு ஓர் அடையாளம் இருக்கட்டும், வந்தபடியே உள்ள பெயரும் பக்கத்திலேயே இருக்கட்டும். ஆள் ஒன்று குறைந்தால் ‘பரவாயில்லை, ஒன்றுதானே’ என்று நினைக்காதீர்கள், அந்த ஒன்றுக்கு வீடு இருக்கிறது. இதையெல்லாம் உங்களுக்கு வேறு யாராவது சொல்லிக் கொடுத்துவிடலாம். நான் சொல்ல வந்தது ஜாங்கிரியைப் பற்றி. தப்பு நடந்து, அது நல்லபடியாக முடிந்தது என்று எல்லாரும் மூச்சு விடுகிற நேரம்தான் இந்த வேலையில் மிக மோசமான நேரம். ஒருவருக்கு நோய் இல்லை என்று தெரிந்த அந்த நிமிஷத்திலேயே அது வேறொருவருக்கு இருக்கிறது என்றும் ஆகிவிட்டது. அந்த அறையில் ‘அப்படியானால் அது யாருக்கு’ என்று கேட்டவர் டாக்டரம்மா ஒருவர் மட்டும்தான். அவர் வாயை நான் அடைத்தேன்.

மதியின் காரியம் முடிந்த அடுத்த வாரம் சுமதி எங்கள் கூடத்துக்கு வந்தார். ஜன்னலில் நிற்காமல் நேராக உள்ளே என் மேஜைக்கு வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“ஒரு எழுத்துல மாறிப்போச்சுன்னு சொல்றாங்களே, நெசமா?”

நெசம்தான் என்று சொல்லி, மதிக்குக் காட்டியதுபோலவே எழுதிக் காட்டினேன். அவர் அந்தத் தாளைப் பார்க்கக்கூட இல்லை.

“அன்னிக்கி நர்சம்மா இனிசியல் என்னான்னு கேட்டுச்சு. எங்க வூட்டுக்காரன் என்னை வுட்டுட்டுப் போயி ஆறு வருசம். அவன் எழுத்த நான் எதுக்குச் சொமக்கணும், வேணாம்னுட்டேன். அப்பா எழுத்தயாச்சும் சொல்லுங்கன்னுச்சு. அவருதான என்னை அவனுக்குக் கட்டி வச்சாரு, அதுவும் வேணாம், சும்மா சுமதின்னு எழுதுங்கன்னேன்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “வீம்பு. நான் ஒரு எழுத்தச் சொல்லியிருந்தா அவ பொழச்சிருப்பா, இல்ல?”

“இல்லங்க. தப்பு உங்க மேல இல்ல. உங்க பேரு சரியாத்தான் இருந்துச்சு. தப்பா எழுதினது நான்.” திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். ஒரு சொல்கூட உள்ளே போகவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

“இப்ப போடுங்க” என்றார்.

“என்னத்தங்க?”

“எழுத்த. அவன் பேரு காளிமுத்து.”

“வேணாங்க. இப்ப எல்லாத்தையும் மாத்திட்டோம். எழுத்து இல்லன்னாலும் இனிமே ஒண்ணும் ஆவாது.”

“போடுங்க.”

நான் போடும் வரை அவர் அந்த இடத்தைவிட்டு நகரப் போவதில்லை. அவருடைய பதிவைத் திறந்து, பெயருக்கு முன்னால் ‘கா’ என்று அடித்தேன். அவர் குனிந்து திரையைப் பார்த்தார்.

“புள்ளி வச்சீங்களா?” என்று கேட்டார்.

வைத்தேன்.